இருபத்தேழாம் நம்பர் மூடி

கையை எடுங்க. எடுங்கன்னு சொல்றேன்ல! அதத் தொடக்கூடாது தம்பி. மத்தத எத வேணா தொடுங்க, தட்டிப் பாருங்க, நகத்தால சுரண்டிப் பாருங்க. வாங்குறவன் சுரண்டாம வாங்கினா அவனுக்கு வேற பேரு. அந்தப் பலகைய மட்டும் விட்டுடுங்க. ஒரு மூடி கீழ விழுந்து தொங்குதுன்னு எனக்குத் தெரியாதா? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? விழுந்தது விழுந்தபடி இருக்கட்டும்.

கோவிச்சுக்காதீங்க. கத்தலன்னா எனக்குப் பேசின மாதிரியே இருக்காது. இந்தத் தெருவுல எனக்குக் கறாருன்னுதான் பேரு. அப்பன் ஆத்தா வச்ச பேரச் சொல்லிக் கேட்டா ஒருத்தனும் கடைக்கு வழி சொல்ல மாட்டான். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது... கால் ஆடும். இதுல உக்காருங்க.

அப்ப ஓட்டலத் திரும்பத் தொறக்கறீங்க. அதே பேருல? ம். நல்லாத்தான் இருக்கு. உங்க ஆளுங்க ஏலம் விட்டாங்க, நான் வாங்கினேன். இப்ப நான் வாங்கினத நீங்க என்கிட்டயே வாங்க வந்திருக்கீங்க. எரிச்சவன் வந்து சாம்பலுக்கு விலை கேக்கற மாதிரி இருக்கு. சரி சரி, நீங்க வேற முதலாளிதான், ஒத்துக்கறேன். சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன், அவ்வளவுதான்.

மச்சான்! யோவ் மச்சான்! அந்தத் தொட்டிய இழுக்காதய்யா! தூக்கு! இரும்புக்கு மேல பீங்கான் பூசினது, ஒரு சில்லு பேந்துச்சுன்னா உன் பல்லு பேந்துடும்! என் வீட்டுக்காரி கூடப் பொறந்தவன். நல்ல மனுசன், வேலை செய்யத்தான் தெரியாது. அந்தத் தொட்டியப் பாத்தீங்களா, சிங்கக்கால் போட்டது? அதுல குளிக்காத கவர்னர் கிடையாதுன்னு சொல்லுவாங்க. பொய்யாவும் இருக்கலாம். அழுக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான்.

வரலாறா? அத எழுதி ஒரு செவுரு பூரா மாட்டப் போறீங்களா? ஓகோ. அதான் பழைய ஆளுங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டீங்களா? எங்க அக்கா இருந்தாங்க அங்க. மூணாம் மாடி ரூம் வேலை. வயசுக்கு வந்த வருசம் போனவ, கதவுல பூட்டு தொங்குன அன்னைக்குத்தான் வேலைய விட்டா. பேட்டியா? எடுக்கலாம் எடுக்கலாம், இருங்க. மொதல்ல நான் சொல்றேன். அவ சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

ஒரு வெள்ளைக்காரன் கட்டினான். மர வியாபாரி. பொண்டாட்டிக்கு இந்த வெயில் ஒத்துக்கல, அவளுக்காக அரமனை மாதிரி கட்டினான்னு ஊர்ல சொல்லுவாங்க. நீங்களும் செவுத்துல அதத்தான் எழுதுவீங்க. நான் ஒரு வியாபாரி, நான் சொல்றேன் கேளுங்க, எந்த வியாபாரியும் பொண்டாட்டிக்காக மூணு மாடி கட்ட மாட்டான். கப்பல்ல வந்து எறங்கறவன் மடியில கனம் இருந்துச்சு. அதை எறக்கி வைக்க ஒரு எடம் வேணும். கட்டினான். ஆனா ஒண்ணு, அந்தம்மா கட்டடம் முடியறதுக்குள்ள செத்துப் போனது நெசம். அவங்க படம்தான் படிக்கட்டு திரும்புற எடத்துல ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்துச்சு. இல்ல, என்கிட்ட இல்ல. ஏலத்துல தங்க முலாம் சட்டத்துக்காக ஒருத்தன் எடுத்தான். படத்தக் கிழிச்சு வாசல்லயே போட்டுட்டுப் போயிட்டான். மழை பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மூஞ்சி எல்லாம் சாயம் ஓடிக் கெடந்தா. ஏறி மிதிச்சுக்கிட்டுத்தான் எல்லாரும் சாமான் தூக்கினோம். நானுந்தான்.

பளிங்குப் படிக்கட்ட நீங்க பாத்திருப்பீங்க. பின்னாடி இரும்புல சுருட்டிச் சுருட்டி ஒரு படிக்கட்டு போகுமே, அதப் பாத்தீங்களா? அது வேலைக்காரங்களுக்கு. ரெண்டு படிக்கட்டும் எங்கயும் சேராது. அப்படி யோசிச்சுக் கட்டியிருக்கான். விருந்தாளி வராந்தால எதிர்ல வந்துட்டா, வேலை செய்யறவங்க செவுத்தப் பாத்துத் திரும்பி நிக்கணும். ஆமா தம்பி, மூஞ்சியக் காட்டக்கூடாது. முதுகுதான். எனக்கு அதக் கேட்டா இப்பக்கூட ரத்தம் கொதிக்கும். ஏன்க்கா, நீ என்ன திருடியான்னு ஒருதரம் சண்டை போட்டேன். அவ சொல்றா, செவுத்துல நல்ல பூப்போட்ட காகிதம் ஒட்டியிருந்தாங்கடா, அந்த மூஞ்சிங்களப் பாக்கறதுக்கு அதுவே மேலுன்னு. அவ அப்படித்தான். நான் வெடி, அவ தண்ணி.

எனக்கும் அவளுக்கும் வயசு நெறைய வித்தியாசம். ஆத்தா என்னைப் பெத்துப் போட்டுட்டு செத்துப் போயிட்டா. அக்கா தூக்கி வளத்தா. எனக்காகவேதான் கல்யாணம் காட்சின்னு எதுவும் பண்ணிக்கல. நான் வளந்து சந்தையில மூட்டை தூக்கினேன், அடிபட்டேன், ஏமாந்தேன், அப்புறம் ஏமாறாம இருக்கக் கத்துக்கிட்டேன். பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்காதத எல்லாம் சந்தை சொல்லிக் குடுக்கும், ஆனா முதுகுல எழுதித்தான் சொல்லிக் குடுக்கும்.

பலகையா? சுத்திச் சுத்தி அங்கயே வர்றீங்களே. சொல்றேன், கேட்டுக்கங்க, ஆனா விக்கறதுக்கில்ல. மூணாம் மாடில சாமான் ரூம் ஒண்ணு இருக்கும், போர்வை துணி, டீ போடுற அடுப்பு எல்லாம் அங்கதான். அந்த ரூம் செவுத்துல மாட்டியிருந்தது இது. ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு நம்பர். நம்பர் மேல பித்தளை மூடி. ரூம்ல பொத்தான அழுத்தினா இங்க மணி அடிக்கும், அந்த நம்பர் மூடி டக்குன்னு கீழ விழும், உள்ள செவப்பு தெரியும். உடனே ஒருத்தர் ஓடணும். போயி, என்ன ஏதுன்னு பாத்து, வேலைய முடிச்சுட்டு, திரும்பி வந்து கையால அந்த மூடியத் தூக்கி விடணும். தானா ஏறாது.

இதுல ஒரு சட்டம் உண்டு. யார் போனாங்களோ அவங்கதான் திரும்பி வந்து தூக்கணும். வேற யார் கையும் படக்கூடாது. ஏன்னு கேளுங்க. இது உங்க செவுத்துல எழுதறதுக்கு ஆகாது. சண்டை நடந்த காலத்துல ஓட்டல ராணுவம் எடுத்துக்கிச்சு. டான்ஸ் ஆடுற ஹால்ல ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டுட்டாங்க. ஆபீசருங்க மட்டும் மேல ரூம்ல. அதுல காலு போன ஒருத்தன், சின்ன வயசாம், பட்டப்பகல்ல மணி அடிக்கறான். மூடி விழுது. அப்ப அங்க ஒரு சுத்தக்காரன் வேலை பாத்தான். எதுவும் நேரா இருக்கணும், துணி மடிப்பு ஒரு விரக்கடை கோணலா இருந்தாலும் தாங்க மாட்டான். மூடி தொங்கறதப் பாத்தான், யாரோ போயிருப்பாங்க, தூக்க மறந்துட்டாங்கன்னு தள்ளி மூடிட்டான். மத்தவங்க வந்து பாத்தாங்க. மூடி மூடியிருக்கு, சரி, வேலை முடிஞ்சுதுன்னு டீ குடிக்க உக்காந்துட்டாங்க. யாருமே போகல. கட்டு அவுந்து ரத்தமாப் போயி, அந்தப் பையன் கை பொத்தான் மேலயே இருந்துச்சாம்.

அதுலேருந்துதான் இந்தச் சட்டம். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்குப் பெரிய பட்லர் மொதல்ல இதச் சொல்லிட்டுத்தான் ஏப்ரனே குடுப்பாரு. மூடி தொங்குதுன்னா போனவங்க இன்னும் திரும்பலன்னு அர்த்தம். திரும்பற வரைக்கும் அது தொங்கட்டும். பாக்க அசிங்கமா இருக்குன்னு நினைக்காதே. அந்த பட்லர் செத்துப் போயி, அவருக்கப்புறம் வந்தவரும் செத்துப் போயி, வெள்ளைக்காரன் கப்பல் ஏறிப் போயி, மந்திரிங்க வந்து, கல்யாணக் கும்பல் வந்து, சினிமாக்காரங்க வந்து, எல்லாம் மாறிடுச்சு. செவுத்தப் பாத்துத் திரும்பி நிக்கற பழக்கம்கூட ஒழிஞ்சுது. இது மட்டும் மாறல.

இருபத்தேழா? தொங்கறது அந்த நம்பர்தான். நல்லாப் பாத்து வச்சிருக்கீங்க.

அது மூலை ரூம். ஜன்னலத் தொறந்தா கடல். அங்க ஒரு கெழட்டு துரைசானி இருந்தா. அவங்க சனம் மொத்தமும் போனப்பறமும் இவ மட்டும் போகல. மவன் வந்து கூட்டிட்டுப் போவான்னு பெட்டியக் கட்டி வச்சுக்கிட்டு வருசக்கணக்கா இருந்தா. மணி அடிப்பா. அக்கா ஓடுவா. என்ன வேணும்னா, ஒண்ணும் வேணாம்பா. கதவு வரைக்கும் திரும்பி வந்தா, கொஞ்சம் உக்காருன்னுவா. விருந்தாளி நாற்காலில வேலைக்காரங்க உக்காரக்கூடாது, சீட்டக் கிழிச்சுடுவாங்க. அதனால அந்தக் கட்டின பெட்டி மேல உக்காருவாளாம் எங்கக்கா. அவ பாஷை இவளுக்குப் பாதி புரியாது, இவ பாஷை அவளுக்கு அறவே புரியாது. ரெண்டும் கடலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். இருபத்தேழுல மணி அடிச்சா ஒண்ணும் வேணாம்னு அர்த்தம்டா, ஆள் வேணும்னு அர்த்தம்னு சொல்லுவா. அந்தக் கெழவி பெட்டி அவுக்காமலே போயிட்டா. மவன் வரல. வருவானா?

நான் உள்ள போனதுண்டாவா? ஒரே ஒருதரம். முன் வாசல் வழியா. அப்பா சந்தையிலயே மாரப் புடிச்சுக்கிட்டு விழுந்து போயிட்டாரு. அக்காட்ட சொல்லணும்னு ஓடினேன். பின் வாசல் எங்க இருக்குன்னு யோசிக்கற நிலமையா அது? நேரா பளிங்குப் படியில ஏறிட்டேன், அழுக்குச் சட்டை, வெறுங்காலு. வாசக்காரன் காலரப் புடிச்சான். தலப்பாவும் மீசையுமா, நம்ம ஆளுதான். வெள்ளைக்காரன் போயி எத்தனையோ வருசம் ஆச்சு, இவன் போகல. இழுத்தான் பாருங்க, காலரு டர்ருன்னு கிழிஞ்சு அவன் கையோட போயிடுச்சு. படியில உருண்டு தெருவுல விழுந்தேன்.

சுத்திப் போயி பின் வாசல்ல நின்னேன். சொல்லி அனுப்பினேன். அக்கா வந்தா. அப்பா போயிட்டாருக்கான்னேன். அவ அழல தம்பி. என் சட்டையையே பாத்தா. இந்தக் கோலத்துல வீட்டுக்கு வந்தா நாலு பேர் பாப்பாங்கன்னு சொல்லிட்டு உள்ள போயி, வாசக்காரன்கிட்டேருந்து அந்தக் காலர வாங்கிட்டு, ஊசி நூலோட வந்தா. என்னை அந்த இரும்புப் படிக்கட்டுல உக்கார வச்சு, நின்னபடியே தச்சா. பல்லால நூலக் கடிச்சு அறுத்தா. காலர மடிச்சு விட்டா. அப்புறந்தான் அழுதா.

அன்னைக்கு நெனச்சேன், ஒருநாள் இந்த வாசல் வழியா போவேன், எவன் புடிக்கறான் பாக்கறேன்னு. போனேன். ஏலத்தன்னைக்கு. வாரிசுங்க கோர்ட்டுல அடிச்சுக்கிட்டு ஓட்டலு நாறிப் போயி, வவ்வாலுதான் வாடகையில்லாம குடியிருந்துச்சு. கண்ணாடி வச்ச அந்த வாசல் கதவுக்கு நாலு பேர் போட்டி. நான் விடல. வெறி புடிச்சவன் மாதிரி கேட்டேன். ஜெயிச்சேன். அதுதான் பின்னாடி தார்ப்பாய் போட்டு சாஞ்சு நிக்குது. ஒரு பைசாவுக்கு விக்க முடியல, எந்த வீட்டுக்கும் பொருந்தாது, அவ்வளவு பெருசு. வண்டியில ஏத்திட்டு வந்து அக்காவுக்குக் காட்டினேன். பாருக்கா, என்னைத் தள்ளிவிட்ட கதவு! அவ பாத்துட்டு, கதவ எடுத்துட்டு வந்துட்டீங்களே, உள்ள இருக்கறவங்களுக்குக் குளிராதான்னா.

எடுத்துட்டு வந்துட்டீங்களேன்னா. என்னை. வாடா போடான்னு கூப்பிட்டவ.

ஆமா. என்னை மறக்க அப்பத்தான் ஆரம்பிச்சா. ஓட்டல மூடினதுலேருந்தே சரியில்ல. காலையில எழுந்து குளிச்சு, பூட்டின கேட்டுக்கு வெளிய போயி நின்னுட்டு வருவா. அப்புறம் வீட்டுல இருக்கற துணிய எல்லாம் மடிப்பா, பிரிப்பா, மடிப்பா. வெறுஞ் செவுத்தப் பாத்துக்கிட்டு நிப்பா. சோறு எறங்கல. தூக்கமில்ல. என் வீட்டுக்காரி பயந்து போயிட்டா. டாக்டரு மாத்திரை குடுத்தாரு, அது அவளப் படுக்கத்தான் வச்சுது.

இந்தப் பலகை ஏலத்துல யாரும் சீந்தாம பழைய இரும்போட கெடந்துச்சு. மரத்துக்காக எடுத்தேன், தேக்கு. கடையில கொண்டாந்து சாத்தி வச்சேன். அக்கா வந்தா. பாத்தா. முதுகு நிமிந்துச்சு பாருங்க! கையத் தொடச்சுக்கிட்டு அதுக்கு முன்னாடி போயி நின்னுட்டா. செவுத்துல அவ எதத் தேடிக்கிட்டு இருந்தான்னு அப்பத்தான் எனக்கு மண்டையில ஏறுச்சு.

கரண்டுக்காரன வரவச்சு வயரு இழுத்தேன். எந்த ரூமுக்குன்னு கேட்டான். இருபத்தேழுக்குன்னேன். பொத்தான் இதோ, என் கல்லாவுக்குக் கீழ. பாருங்க, தேஞ்சு போயிருக்கு. அழுத்துவேன். மணி அடிக்கும், மூடி விழும். அக்கா ஏப்ரன இழுத்துக் கட்டிக்கிட்டு, உள்ளேருந்து தட்டுல டீ எடுத்துக்கிட்டு வருவா. சார், டீங்கன்னுவா. வச்சுட்டு, திரும்பிப் போயி மூடியத் தூக்கி விடுவா. அன்னைக்கு ராத்திரி சோறு சாப்பிட்டா. தூங்கினா.

என் வீட்டுக்காரி குதிச்சா. பெத்தவ மாதிரி வளத்தவள வேலைக்காரியாக்கி மணி அடிக்கறியே, நீ மனுசனான்னு. அவ சொன்னதுலயும் நியாயம் இருக்கு. நான் என்ன பண்ணுவேன்? தம்பின்னு ஒருத்தன் இருக்கறது அவளுக்கு மறந்து போச்சு. விருந்தாளின்னு ஒருத்தன் இருக்கறது மறக்கல. எனக்கு அவ வேணும். எந்த வழியா வந்தா என்ன?

ஒரு கூத்து சொல்றேன். விருந்தாளின்னா சத்தம் போடக்கூடாதாம். ஒருநாள் ஒருத்தன்கிட்ட நான் தொண்ட கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன், இவ டீயோட வந்து நின்னு, மெதுவாப் பேசுங்க சார், பக்கத்து ரூம்ல தூங்கறாங்கன்னா. மெதுவாப் பேசினேன். ஊரே சிரிச்சுது. அக்கா டீ கொண்டு வர்ற நேரமாப் பாத்து வந்து விலை கேப்பானுங்க படுபாவிங்க. கத்தாம எனக்குப் பேரம் பேச வராது. அந்த நேரத்துல வந்தவன் எல்லாம் பொழச்சான்.

என்ன, அக்காவ ஒரு போட்டோவா? பலகைக்குப் பக்கத்துல நிக்க வச்சா? ம்.

போன மாசம் ஒரு காலையில கடையில ஆள் இல்ல. மழை. மச்சானும் வரல. எனக்கு என்னமோ மனசு சரியில்ல. பொத்தான அழுத்தினேன். மணி அடிச்சுது, மூடி விழுந்துச்சு, வந்தா. டீய வச்சா. வேற ஏதாவது வேணுங்களா சார்னு கேட்டா. ஒண்ணும் வேணாம், கொஞ்சம் உக்காருங்கன்னேன். எப்பவும் உக்கார மாட்டா. அன்னைக்கு உக்காந்தா. அந்த நாற்காலிதான். கால் எல்லாம் ஆடாது, நான் சும்மா சொன்னேன். ரெண்டு பேரும் மழையப் பாத்துக்கிட்டு இருந்தோம். கொஞ்ச நேரங் கழிச்சு கைய நீட்டி, காலர் மடங்கியிருக்கு சார்னு சொல்லி இழுத்து சரி பண்ணி விட்டா. கையக் கீழ எறக்கி மடியில வச்சா. அவ்வளவுதான்.

டீ ஆறிடுச்சு, வேற கொண்டாரச் சொல்லலாம்னு திரும்பினேன். மடியில வச்ச கை வச்சபடியே இருந்துச்சு, மூச்சு இல்ல. அப்பத்தான் தெரிஞ்சுது.

வந்தவ இன்னும் திரும்பிப் போயி அதத் தூக்கல. அதான் தொங்குது. வேற ஒண்ணுமில்ல.

அட, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க, உக்காருங்க. தொட்டிக்கு என்ன சொன்னீங்க? சரி, அதுக்கே எடுத்துக்கங்க. கதவையும் எடுத்துக்கங்க, உங்க வாசலுக்குத்தான் அது பொருந்தும். மச்சான், தொட்டிய வண்டியில ஏத்துய்யா! பாத்து! மெதுவா வை. தொம்முனு போட்டீன்னா அதிர்ச்சில மத்த மூடியும் விழும். விழுந்தாலும் பரவாயில்ல, அதையெல்லாம் நான் தூக்கி விட்டுடுவேன்.